பண்ணையாள், டிராக்டர், ரோபோ: டெல்டா வரலாறு கார் ஆலைக்குச் சொல்வது என்ன?

‘ரோபோ’ என்ற சொல்லின் பிறப்பைத் தெரிந்துகொண்டால் டெல்டாக்காரர்களுக்கு அது அந்நியமாக இருக்காது. செக் எழுத்தாளர் கரேல் சாபெக் 1920இல் எழுதிய ‘ஆர்.யு.ஆர்.’ நாடகத்தில்தான் அந்தச் சொல் இன்றைய பொருளில் முதலில் வருகிறது. செக் மொழியில் ‘ரோபோதா’ என்றால், நிலப்பிரபுவின் வயலில் குடியானவர் செய்து கொடுத்தே ஆகவேண்டிய கட்டாய உழைப்பு. அந்தப் பகுதியை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரசு 1775இல் அதற்கு வாரத்துக்கு 3 நாள் என்று வரம்பு வைத்தது. 1848 புரட்சியின்போது அந்த முறையே ஒழிக்கப்பட்டது. நம் ஊர்ச் சொல்லில் சொன்னால், ரோபோ என்றால் பண்ணையாள்.

அந்த இரும்புப் பண்ணையாள் இப்போது நம் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. திருத்துறைப்பூண்டி, கோட்டூர், முத்துப்பேட்டை, வேதாரண்யம் பக்கத்துச் சேரிகளிலிருந்து ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்தவர்கள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மறைமலை நகர், ஓசூர் என்று வண்டி ஆலைகளுக்குப் போகிறார்கள். கார் ஆலைகளில் ரோபோ புதிதல்ல. வெல்டிங் செய்யும், பெயின்ட் அடிக்கும் ரோபோ கைகள் வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அவை கம்பி வேலிக்குள் ஓரிடத்தில் நிற்பவை. இப்போது உலகக் கார் ஆலைகளில் வேகமாகப் பரவுவது வேலிக்கு வெளியே வந்து ஆட்களுக்கு நடுவே ஓடும் நடமாடும் ரோபோ. கிடங்கிலிருந்து உதிரி பாகங்களை ஏற்றிக்கொண்டு லைனுக்கு வரும். ஆள் குறுக்கே வந்தால் நிற்கும், அல்லது சுற்றிப் போகும். சார்ஜ் குறைந்தால் தானே போய் ஏற்றிக்கொள்ளும். “இது தொழிலாளியின் இடத்தைப் பிடிக்க வரவில்லை, அவருக்கு உதவத்தான் வருகிறது” என்பது இதை விற்பவர்களும் வாங்குபவர்களும் சொல்லும் வாசகம்.

இந்த வாசகத்தை எப்படி எடுத்துக்கொள்வது? இயந்திரமே வேண்டாம் என்று சொல்வது நம் அரசியல் இல்லை. வருவதெல்லாம் வளர்ச்சி என்று கைதட்டுவதும் நம் அரசியல் இல்லை. நம் தாத்தா பாட்டிகள் இதே கேள்வியை வயலில் சந்தித்திருக்கிறார்கள். கூலிக்காகப் போராடி வென்றார்கள். கூலியைக் காக்கச் சட்டம் வந்தது. ஆனால் வேலையைக் காக்கச் சட்டம் வரவில்லை. அந்த இடைவெளியில்தான் இயந்திரம் வந்தது. கார் ஆலை லைனில் நிற்கும் தலைமுறை இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஆளைக் காத்த சட்டம்

1940களில் தஞ்சை மாவட்டம் என்பது இன்றைய திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறையையும் சேர்த்தது. நிலம் மிராசுதார்களிடமும் கோயில்களிடமும் மடங்களிடமும் இருந்தது. உழைப்பு சேரியிடம் இருந்தது. பண்ணையாள் என்றால் அவர் மட்டும் வேலைக்காரர் என்று பொருளில்லை. மனைவி நடவுக்கும் களையெடுப்புக்கும் போக வேண்டும், பிள்ளை மாடு மேய்க்க வேண்டும். குடிசை இருக்கும் மனையும் பண்ணைக்குச் சொந்தம். எதிர்த்துப் பேசினால் சவுக்கடி, சாணிப்பால்.

1943இல் மன்னார்குடிக்குப் பக்கத்தில் தென்பரையில் விவசாயிகள் சங்கம் தொடங்கியது. கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பி. சீனிவாசராவ் வெளியிலிருந்து வந்து சேரிகளில் தங்கி வேலை செய்தார். திருத்துறைப்பூண்டியில் அவருக்கு நினைவிடம் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். வெளியிலிருந்து வந்தவரின் பெயர் நிற்கும் அளவுக்கு, சேரிக்குள்ளிருந்தே எழுந்த களப்பால் குப்பு போன்றவர்களின் பெயர் பாடப் புத்தகங்களில் நிற்கவில்லை. குப்பு 1948இல் சிறையிலேயே இறந்தார். அவரைப் போன்றவர்கள் கட்டிய சங்கத்தின் பலத்தால்தான் 1944இல் மன்னார்குடி ஒப்பந்தம் வந்தது. சவுக்கடியும் சாணிப்பாலும் நிறுத்தப்பட வேண்டும் என்று மிராசுதார்கள் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

1952இல் ராஜாஜி அரசு முதலில் அவசரச் சட்டமாகவும் பிறகு முழுச் சட்டமாகவும் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டு வந்தது. ஒரு வேலிக்கு மேல், அதாவது சுமார் ஆறே முக்கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருக்கும் மிராசுதார்களுக்கு அது பொருந்தும். பண்ணையாளுக்குக் கூலி இவ்வளவு, காரணமில்லாமல் நீக்கக் கூடாது என்று சட்டம் சொன்னது.

மிராசுதார்கள் என்ன செய்தார்கள்? பண்ணையாளை வைத்துக்கொள்வதையே படிப்படியாக நிறுத்தினார்கள். சட்டம் பண்ணையாளைக் காக்கிறது, தினக்கூலியைக் காக்கவில்லை. ஆகவே நேற்றுவரை பண்ணையாளாக இருந்தவர் இன்று அதே வயலில் தினக்கூலி ஆனார். தஞ்சைக் கிராமங்களை 1951–53இல் ஆய்வு செய்த மானிடவியலாளர் கேத்லீன் கஃப், 1976இல் அதே கிராமங்களுக்குத் திரும்ப வந்தார். நிரந்தரப் பண்ணையாட்கள் குறைந்து தினக்கூலிகள் பெருகியிருந்ததை அவர் பதிவு செய்திருக்கிறார்.

இதில் இரண்டு பக்கம் உண்டு. பண்ணை அடிமைத்தனம் உடைந்தது என்பது விடுதலை. யாருடைய பண்ணையிலும் கட்டுப்படாமல் பேசவும் சங்கத்தில் சேரவும் முடிந்தது. ஆனால் வருடம் முழுக்க ஏதோ ஒரு படி நெல் உறுதி என்ற நிலை போய், கூப்பிட்டால் வேலை என்ற நிலை வந்தது. சட்டம் ஒரு பெயருக்குப் பாதுகாப்புக் கொடுத்தால், முதலாளி அந்தப் பெயரையே ஒழித்துவிடுவார். கார் ஆலைக்குப் போகும்போது இது மறுபடியும் வரும்.

அரைப்படியும் டிராக்டரும்

1960இல் மத்திய அரசு தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டத்துக்குத் தஞ்சையைத் தேர்ந்தெடுத்தது. உரம், பம்புசெட், கடன் எல்லாம் வந்தன. அறுபதுகளின் நடுவில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் வந்தது. குறுவை அறுப்பும் தாளடி நடவும் அடுத்தடுத்து நெருக்கி வந்தன. குறுவையை அறுத்து, உடனே உழுது, உடனே நட வேண்டும். அந்தச் சில வாரங்களில் வேலையாட்கள் கை ஓங்கியது. கூலி உயர்வு கேட்க அதைவிட நல்ல நேரம் இல்லை. மிராசுதார்கள் டிராக்டர் பக்கம் பார்வையைத் திருப்பியதும் அந்த நெருக்கடியில்தான். மாடு கட்டி உழுத ஆளுக்குப் பதில் டிராக்டர், நட்டு அறுத்த உள்ளூர் ஆளுக்குப் பதில் வெளியூர் ஆள் என்று ஏற்பாடுகள் நடந்தன.

கீழ்த்தஞ்சையில் தொழிலாளர்கள் கேட்டது அரைப்படி நெல் கூடுதல். நெல் உற்பத்தியாளர் சங்கம் என்ற பெயரில் நிலவுடைமையாளர்கள் திரண்டார்கள். செங்கொடியை இறக்கு என்றார்கள், இறக்கவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். கீழ் நீதிமன்றம் தண்டித்தவர்களைச் சென்னை உயர் நீதிமன்றம் பிறகு விடுவித்தது. அந்தத் தீர்ப்பில் சொல்லப்பட்ட ஒரு காரணத்தை ஒவ்வொரு மாணவரும் படிக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர்கள் பெரும்பாலும் நிறைய நிலம் உள்ள பணக்காரர்கள், முதல் எதிரியிடம் கார் இருக்கிறது, அப்படிப்பட்டவர்கள் வேலையாட்களை விட்டுவிட்டுத் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்பக் கடினமாக இருக்கிறது என்ற வகையில் அந்த வாதம் போகிறது. 1968இல் கார் வைத்திருப்பது ஒருவருடைய பேச்சுக்கு எவ்வளவு எடை கொடுத்தது என்று பாருங்கள். இன்று அந்தக் காரைச் செய்யும் ஆலையில் வெண்மணிச் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகளும் வேலை பார்க்கிறார்கள்.

வெண்மணிக்குப் பிறகு அரசு கணபதியா பிள்ளை ஆணையத்தை அமைத்தது. 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் கீழ்த்தஞ்சைப் பகுதிக்கென வந்தது. 44 உயிர்களுக்குப் பிறகு கிடைத்த சட்டம் அது. அதன் மதிப்பைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அது உறுதி செய்தது ஒரு நாள் வேலைக்கு எவ்வளவு கூலி என்பதைத்தான். வருடத்துக்கு எத்தனை நாள் வேலை என்பது நிலவுடைமையாளர் கையிலேயே இருந்தது. நாளைக் குறைக்கும் கருவி எதுவோ அதை வாங்கும் உரிமையும் அவரிடமே இருந்தது.

அறுவடை இயந்திரம் கொண்டு போனது

டிராக்டர் உழவைத்தான் எடுத்தது. அறுவடை நம் கையில் இருந்தது. கருக்கரிவாளால் அறுத்து, கட்டு கட்டி, தலையில் சுமந்து களத்துக்குக் கொண்டு வந்து, கட்டடித்து, தூற்றி, அளந்து போடும்வரை சேரி முழுக்க வயலில் இருக்கும். கூலி நெல்லாக வந்து பானையை நிரப்பும். உதிர்ந்த நெல்லைப் பொறுக்கி வயதானவர்களும் கொஞ்சம் சேர்த்துக்கொள்வார்கள்.

பிறகு பெரிய அறுவடை இயந்திரங்கள் டெல்டாவுக்குள் வந்தன. சேற்றில் இறங்க பெல்ட் வண்டி, காய்ந்த வயலுக்கு டயர் வண்டி. ஓர் ஏக்கரை ஒரு பொழுதில் முடிக்க ஒரு குழுவே இறங்க வேண்டியிருந்த வேலையை வண்டி ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடிக்கிறது. ஓட்டுநரும் உதவியாளரும் வெளி மாவட்டத்திலிருந்து வண்டியோடு வருகிறார்கள். வாடகை மணிக் கணக்கு.

இதில் போனது கூலி நாட்கள் மட்டுமா? அறுவடை நேரத்து வேலைநிறுத்தம்தான் விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் ஒரே வலுவான ஆயுதம். விளைந்த நெல்லை வயலில் விட்டுவைக்க முடியாது, மழை வந்தால் முளைத்துவிடும். அந்தப் பத்து நாளில்தான் மிராசுதார் பேச்சுவார்த்தைக்கு வருவார். வண்டி வந்ததும் அந்தப் பத்து நாள் போய்விட்டது. கூலிச் சட்டம் அப்படியே புத்தகத்தில் இருக்கிறது. அதை அமல்படுத்த வைத்த பிடி கையில் இல்லை. பெண்களுக்கு நேர்ந்த இழப்பு இன்னும் பெரிது. அறுப்பிலும் கட்டடிப்பிலும் அவர்கள் பங்கு பெரியது, ஆனால் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்க யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை.

அப்படியானால் இயந்திரம் வராமலே இருந்திருக்க வேண்டுமா? இந்த இடத்தில் அண்ணலைக் கேட்போம். 1945இல் வெளிவந்த ‘காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதாருக்குச் செய்தது என்ன’ என்ற நூலில், காந்தியத்தை விமர்சிக்கும் அத்தியாயத்தில் அம்பேத்கர் இயந்திரத்தைப் பற்றி விரிவாகப் பேசுகிறார். மனிதன் விலங்கைப் போல முழு நேரமும் உடலால் உழைத்துக்கொண்டே இருந்தால் அவனுக்குச் சிந்திக்கவும் பண்பாட்டை வளர்க்கவும் ஓய்வு கிடைக்காது, அந்த ஓய்வைத் தரக்கூடியது இயந்திரம் என்பது அவர் வாதம். இயந்திரத்தால் விளையும் கேடுகளுக்குக் காரணம் இயந்திரம் இல்லை, சொத்தையும் தனி லாபத்தையும் புனிதமாக்கி வைத்திருக்கும் சமூக அமைப்பு, மாற்ற வேண்டியது அதைத்தான் என்கிறார்.

இது நமக்கு மிக முக்கியம். குனிந்து குனிந்து இடுப்பொடிந்த பாட்டிகளைப் பார்த்த யாரும் கருக்கரிவாளுக்குத் திரும்பிப் போவோம் என்று சொல்ல மாட்டார்கள். கை ராட்டையும் கைவேலையும் உயர்ந்தவை என்று புகழ்ந்தவர்கள் சேற்றில் இறங்காதவர்கள். ஆனால் அம்பேத்கர் சொன்ன ஓய்வு டெல்டாவில் யாருக்குக் கிடைத்தது? வண்டி வந்தபின் சேரிக்குக் கிடைத்தது வேலையின்மை. ஓய்வுக்கும் வேலையின்மைக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம், அந்த நாட்களுக்கும் சோறு இருக்கிறதா என்பது. வண்டியை வாங்கக் கடன் வேண்டும், கடனுக்கு ஈடாக நிலமோ சொத்தோ வேண்டும். நிலமில்லாதவர் கைக்கு வண்டி எப்படி வரும்?

ஸ்ரீபெரும்புதூர் பேருந்து

வயலில் நாள் குறைந்த தலைமுறையின் பிள்ளைகள்தான் பேருந்து ஏறினார்கள். 1996இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் ஆலை கட்டத் தொடங்கி 1998இல் முதல் காரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. ஃபோர்டு மறைமலை நகருக்கு வந்தது. ரெனோ-நிசான் 2010இல் ஒரகடத்தில் உற்பத்தியைத் தொடங்கியது. இந்த ஆலைகள் நிற்பது பழைய செங்கல்பட்டு மாவட்ட மண். பறையர்களுக்கு நிலம் இல்லாததே அவர்கள் நிலைக்குக் காரணம் என்று 1891இல் ட்ரெமென்ஹீர் அறிக்கை எழுதியது அந்த மாவட்டத்தைப் பற்றித்தான். அடுத்த ஆண்டு பஞ்சமி நில ஆணை வந்ததும் அதனால்தான். நிலமற்றவர்களின் பேரப் பிள்ளைகள் நிலம் தேடாமல் வேலை தேடி அதே மண்ணுக்கு வந்திருக்கிறார்கள்.

தனியார் துறையில் இடஒதுக்கீடு இல்லை என்பது தெரிந்ததுதான். ஆலைக்குள் போனதும் ஒரே லைனில் பல பெயர்கள் இருப்பதைப் பார்க்கலாம்: நிரந்தரத் தொழிலாளி, டிரெய்னி, அப்ரண்டிஸ், கான்ட்ராக்ட். செய்யும் வேலை பெரும்பாலும் ஒன்றுதான். தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டின் நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம் இருக்கிறது. 24 மாதங்களில் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது அது. இன்னொரு பக்கம் 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டத்தின் 18ஆம் பிரிவு, அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்லர் என்கிறது. 480 நாளைக் கணக்கிட வேண்டாத ஒரு பெயர் கையில் இருக்கும்போது முதலாளி எந்தப் பெயரைத் தேர்ந்தெடுப்பார்? 1952இல் பண்ணையாளைத் தினக்கூலி ஆக்கிய அதே கணக்கு இது.

இப்போது நடமாடும் ரோபோவுக்கு வருவோம். கார் ஆலையில் லைனில் நின்று பாகம் பொருத்துபவர் ஒருவர் என்றால், அவருக்கு அந்தப் பாகம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்படி கொண்டு வந்து வைக்க இன்னொருவர் வேண்டும். கிடங்கில் எடுப்பது, டிராலியில் அடுக்குவது, இழுத்து வருவது, காலிப் பெட்டியைத் திரும்பக் கொண்டு போவது என்று ஒரு ஷிப்டில் பல கிலோமீட்டர் நடக்கும் வேலை. தானோடும் வண்டி என்ற யோசனை 1950களிலேயே அமெரிக்காவில் வந்துவிட்டது. தரையில் பதித்த கம்பியைப் பின்பற்றி அது ஓடும். பிறகு காந்தப் பட்டை வந்தது. இன்றைய வண்டி லேசர் கதிரால் சுற்றுப்புறத்தை அளந்து, ஆலையின் வரைபடத்தைத் தானே மனதில் வைத்துக்கொண்டு வழி கண்டுபிடிக்கிறது. எந்த வண்டி எங்கே போக வேண்டும் என்பதை ஒரு மென்பொருள் தீர்மானிக்கிறது.

சுமப்பது, இழுப்பது, அடுக்குவது ஆகியவை ‘முக்கிய உற்பத்தி இல்லை’ என்று சொல்லி கான்ட்ராக்டுக்கு விடப்படும் வேலைகள். டெல்டாவிலிருந்து வருபவருக்குக் கிடைக்கும் முதல் வேலையும் அநேகமாக அதுதான். ஆக, “உதவி செய்ய வந்த ரோபோ” என்ற வாசகம் லைனில் நிற்கும் நிரந்தரத் தொழிலாளியைப் பார்த்துச் சொல்லப்படுகிறது. அவருக்கு அது உண்மையாகவும் இருக்கலாம். டிராலி இழுப்பவரிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை. கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்படாது, அவ்வளவுதான். ஆள்குறைப்பு என்ற சொல்லே எந்தக் காகிதத்திலும் வராது.

டெட்ராய்ட், லார்ட்ஸ்டவுன், கல்மார்

இது நம் ஊருக்கு மட்டும் நேர்ந்தது என்று நினைக்க வேண்டாம். வெண்மணி எரிந்த அதே 1968இல் அமெரிக்காவில் டெட்ராய்டை ஒட்டிய கிரைஸ்லர் நிறுவனத்தின் டாட்ஜ் ஆலையில் கறுப்பினத் தொழிலாளர்கள் ‘டிரம்’ என்ற பெயரில் புரட்சிகரச் சங்கம் கட்டினார்கள். மோசமான, ஆபத்தான வேலைகள் கறுப்பர்களுக்கே ஒதுக்கப்பட்டன. உற்பத்தி உயர்ந்ததற்கு ஆட்டோமேஷன் காரணம் என்று நிர்வாகம் சொன்னது. புது இயந்திரம் எங்கே இருக்கிறது, ஒரு கறுப்பரை மூன்று பேர் வேலை செய்ய வைத்ததுதான் காரணம் என்று தொழிலாளர்கள் சொன்னார்கள். தங்கள் மீது வீசப்படும் வசைச்சொல்லையே அந்த ஆட்டோமேஷன் என்ற சொல்லோடு ஒட்டி, அதற்குப் புதுப்பெயரும் வைத்தார்கள்.

1972இல் ஒஹாயோ மாநிலத்தின் லார்ட்ஸ்டவுனில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வெல்டிங் ரோபோக்கள் நிறைந்த, அன்றைக்கு மிக நவீனமான ஆலை அது. லைன் மணிக்கு 100 கார் என்ற வேகத்தில் ஓடியது. ரோபோ ஈடுகொடுத்தது, மனிதர்கள் ஈடுகொடுக்க முடியவில்லை. அவர்களின் சண்டை கூலிக்காக இல்லை, வேகத்துக்காக.

இரண்டே ஆண்டு கழித்து, 1974இல், ஸ்வீடனில் கல்மார் என்ற ஊரில் வோல்வோ ஒரு கார் ஆலையைத் திறந்தது. அங்கே வழக்கமான லைன் கிடையாது. ஒவ்வொரு காரும் மின்சாரத்தில் தானோடும் ஒரு வண்டியின் மேல் ஏறி, தரையில் பதித்த வழியில் ஒரு குழுவிடமிருந்து இன்னொரு குழுவுக்குப் போகும். ஒரு குழுவில் 15 முதல் 20 பேர். வேலையைத் தங்களுக்குள் எப்படிப் பிரிப்பது என்று அவர்களே முடிவு செய்யலாம். காரின் அடிப்பகுதியில் வேலை செய்ய வேண்டுமானால் வண்டி காரைப் பக்கவாட்டில் சாய்த்துக் காட்டும். அண்ணாந்து கையைத் தூக்கியபடி நிற்க வேண்டியதில்லை. மனிதருக்கு உதவும் நடமாடும் இயந்திரம் என்ற பேச்சுக்கு உலகில் கிடைக்கும் பழைய, நேர்மையான எடுத்துக்காட்டு அதுதான்.

வோல்வோ முதலாளிகள் நல்லவர்கள் என்பதாலா அது நடந்தது? இல்லை. ஸ்வீடனில் அன்று வேலை தாராளமாகக் கிடைத்தது. சலிப்பூட்டும் லைன் வேலைக்கு ஆள் நிற்கவில்லை, வந்தவர்கள் விட்டுவிட்டுப் போனார்கள். தொழிற்சங்கம் வலுவாக இருந்தது. 1976இல் அந்த நாட்டில் கூட்டுத் தீர்மானச் சட்டமே வந்தது: பெரிய மாற்றம் எதையும் செய்யுமுன் முதலாளி சங்கத்தோடு பேச வேண்டும். தொழிலாளி வலுவாக இருந்த இடத்தில் இயந்திரம் அவர் உடம்புக்கு ஏற்றபடி வளைந்தது. பிறகு வேலையின்மை உயர்ந்து, கார் விற்பனை சரிந்து, கல்மார் ஆலை 1994இல் மூடப்பட்டது. வலு குறைந்தால் அந்த ஏற்பாடும் நிற்காது என்பதையும் அதே ஆலை காட்டிவிட்டது.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரோபோவால் உயிரிழந்த முதல் தொழிலாளி என்று பொதுவாகச் சொல்லப்படுபவர் 1979 ஜனவரியில் மிச்சிகனில் ஃபோர்டு வார்ப்பு ஆலையில் இறந்தார். அவரைத் தாக்கியது அடுக்குகளுக்கு நடுவே பாகங்களை எடுத்துப் போகும் தானோடும் வண்டி. இந்தியாவில் 2015 ஆகஸ்டில் ஹரியானா மானேசரில் ஒரு கார் உதிரிபாக ஆலையில் 24 வயதுத் தொழிலாளி வெல்டிங் ரோபோவில் சிக்கி இறந்தார். இன்றைய நடமாடும் ரோபோ ஆளைக் கண்டால் நிற்கும்படி செய்யப்பட்டது. ஆனால் சென்சாரைத் துடைப்பவர், பழுது பார்ப்பவர், அவசரத்தில் பாதையைக் கடப்பவர் யார், அவருக்குப் பயிற்சி கொடுக்கப்பட்டதா என்ற கேள்விகளுக்கு இயந்திரம் பதில் சொல்லாது.

நாம் கேட்க வேண்டியவை

டெல்டா வரலாற்றிலிருந்து ஆலைக்குக் கொண்டு போக வேண்டியதை இப்படிச் சுருக்கலாம்.

முதலாவது, பெயர். பண்ணையாள் சட்டம் பண்ணையாளை மட்டும் காத்ததால் தோற்றது. அதனால் ஆலைச் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் டிரெய்னியும் அப்ரண்டிஸும் கான்ட்ராக்டும் இருக்க வேண்டும். நிரந்தரத் தொழிலாளியின் கூலி ஒப்பந்தம் மட்டும் பேசும் சங்கம், டிராலி இழுப்பவர் போனபின் அடுத்தது தன் முறை என்பதை உணர வேண்டும். டிராலி இழுப்பவர்களில் நம்மவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்ப்பது நம் வேலை. எந்த ஆலையும் அந்தக் கணக்கைத் தானாக வெளியிடாது.

இரண்டாவது, நாளும் வேகமும். 1969 சட்டம் கூலியை உறுதி செய்தது, நாளை விட்டுவிட்டது. இன்று பேச வேண்டியது எத்தனை ஆள், என்ன வேகம், எத்தனை மணி நேரம் என்பது. இதெல்லாம் நிர்வாகத்தின் அதிகாரம் என்பார்கள். தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் அதைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில், ஒரகடம் ரெனோ-நிசான் தொழிலாளர் சங்கம் லைனில் ஆளுக்கு ஆள் போதிய இடைவெளி இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் போனது. லைனில் இடையிடையே காலியிடம் விட்டு ஓட்டினால்தான் இடைவெளி கிடைக்கும் என்று வாதாடியது. லைனின் வேகம் உயிர் சம்பந்தப்பட்டது என்று நீதிமன்றத்தில் பதிவானது அப்போது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் திருத்தத்தைச் சட்டமன்றம் நிறைவேற்றியபோது, சங்கங்களின் எதிர்ப்பால் அரசு சில நாளிலேயே அதை நிறுத்தி, மே நாளில் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை 1942 முதல் 1946 வரை கவனித்த அம்பேத்கரின் காலத்தில் வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பு வந்தது. ரோபோ வந்தபின் அந்த மணி நேரம் குறைய வேண்டும். கூடுகிறது என்றால் அந்த ஓய்வை யாரோ எடுத்துக்கொள்கிறார்கள் என்று பொருள்.

மூன்றாவது, முன்கூட்டியே கேட்பது. 1947ஆம் ஆண்டின் தொழிற்தகராறு சட்டத்தில் 9-ஏ என்ற பிரிவு இருந்தது. ஆள்குறைப்புக்கு வழி செய்யக்கூடிய இயந்திர மாற்றத்தைக் கொண்டு வருமுன் 21 நாள் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்றது அது. 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டத்தொகுப்பிலும் மாற்ற அறிவிப்பு என்ற கடமை இருக்கிறது. 21 நாள் போதாது, அறிவிப்பு என்பது பேச்சுவார்த்தை ஆகாது, எல்லாம் சரி. ஆனால் இருக்கும் பிரிவையே எத்தனை சங்கங்கள் எடுத்துப் பயன்படுத்துகின்றன? வண்டி களத்துக்கு வந்து நின்றபின் மறிப்பது கடினம் என்பதை டெல்டா அறியும்.

நான்காவது, திறன். அறுவடை வண்டியை ஓட்டவும் பழுது பார்க்கவும் சேரிப் பெண்களுக்கும் ஆண்களுக்கும் கற்றுக்கொடுத்து, அவர்கள் கூட்டாக வண்டி வைத்திருக்க அரசு கடன் கொடுத்திருந்தால் இந்த வரலாறு வேறு மாதிரி போயிருக்கும். ரோபோவுக்கு வரைபடம் பதிக்கவும், அதைப் பராமரிக்கவும், அதன் மென்பொருளைப் புரிந்துகொள்ளவும் ஆட்கள் தேவை. அந்தப் பயிற்சி டிராலி இழுப்பவருக்கு முதலில் கிடைக்க வேண்டும். நம் மாவட்டத்து ஐ.டி.ஐ.களில், பாலிடெக்னிக்குகளில் அந்த இயந்திரங்கள் இருக்கின்றனவா, பட்டியல் சாதி மாணவர்களுக்கான நிதி அதற்குச் செலவாகிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். இது மாணவர் அமைப்புகள் இந்த மாதமே செய்யக்கூடிய வேலை.

ஆலையில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிரிவில் தானோடும் வண்டி வந்த தேதி, அதற்கு முன் அந்த வேலையில் எத்தனை பேர், பிறகு எத்தனை பேர், அவர்கள் எந்தப் பெயரில் வேலை பார்த்தார்கள் என்று குறித்து வையுங்கள். டெல்டாவில் டிராக்டரும் அறுவடை வண்டியும் வந்தபோது சேரிப் பக்கமிருந்து அந்தக் கணக்கை எழுதி வைத்தவர்கள் மிகக் குறைவு. அதனால்தான் இன்று “யாருக்கும் நஷ்டமில்லை, எல்லாரும் விரும்பித்தான் ஊரை விட்டுப் போனார்கள்” என்று சொல்பவர்களுக்குப் பதில் சொல்லத் திணறுகிறோம். இந்த முறை கணக்கு நம்மிடம் இருக்கட்டும்.

ஜெய்பீம்.